"பை" என்னும் சிறு சொல்



பசியாறி முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிஞ்சாங் மலையில் இந்நேரம் பனி இறங்கி, எதிர் லயத்து விளக்கு கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளை வானொலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவும் எழுந்து போய்விட வேண்டாம். இன்றைய பாடம் பிள்ளைகளின் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு வரும் கடிதத்துக்கும் தோட்டத்து அறிவிப்புப் பலகைக்கும் உரியது.

ஆங்கிலத்தில் "பை" என்று ஒரு சொல் இருக்கிறது. பி, வை என்ற இரண்டே எழுத்து. பை என்றவுடன் நம் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை நினைவுக்கு வரும். தாய்மார்களுக்கு முதுகில் தொங்கும் கொழுந்துப் பை நினைவுக்கு வரும். ஒருமுறை இரண்டாம் ஆண்டு வகுப்பில் இந்தச் சொல்லை நான் உரக்கச் சொன்னபோது, முன் வரிசையிலிருந்த ஒரு பையன் தன் பையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, "சார், எடுத்துட்டேன்" என்றான். போதாக்குறைக்கு ஆங்கிலத்திலேயே இதே ஒலியில் வேறு இரண்டு சொற்கள் உண்டு. பி, யு, வை என்று எழுதினால் "வாங்கு" என்று பொருள். பி, வை, இ என்று எழுதினால் விடைபெறும்போது கையசைத்துச் சொல்கிறோமே, அந்தச் சொல். நாம் இன்று பார்க்கப்போவது இந்த இரண்டும் அல்ல. வெறும் பி, வை.

இதை முன்னிடைச்சொல் என்பார்கள். பெயருக்கு முன்னால் நிற்பதால் அந்தப் பெயர். தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன; அவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். "அப்பாவால்" என்று நாம் பின்னால் ஒட்டுவதை, ஆங்கிலேயர் "பை அப்பா" என்று முன்னால் வைக்கிறார்கள். இந்த இடமாற்றம் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில், செய்தவர் யார் என்று காட்டும் "பை". கடிதம் அப்பாவால் எழுதப்பட்டது, படிவம் தலைமையாசிரியரால் கையொப்பமிடப்பட்டது. இங்கே வரும் "ஆல்" தான் "பை". மலாயில் "ஓலே" என்று படித்திருப்பீர்கள், அதுவேதான். இவ்வளவுதானா என்று கேட்டால், இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் இடறுகிறார்கள். நம் மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் மூன்று பொருள் சொல்கிறது: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. கத்தியால் வெட்டினான் என்றால் கருவி. தச்சனால் செய்யப்பட்டது என்றால் கருத்தா. அம்மாவோடு வந்தான் என்றால் உடனிகழ்ச்சி. மூன்றையும் நாம் ஒரே வேற்றுமைக்குள் வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் அதைப் பங்கு பிரித்துவிட்டது. கருத்தாவுக்குப் "பை". கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் "வித்" என்ற வேறொரு சொல். ஆகவே, "கொழுந்து என் அம்மாவால் கத்தரியால் வெட்டப்பட்டது" என்ற வாக்கியத்தில் தமிழுக்கு இரண்டு "ஆல்" வரலாம். ஆங்கிலத்தில் அம்மாவுக்கு முன் "பை", கத்தரிக்கு முன் "வித்". இரண்டுக்கும் "பை" போட்டால் அம்மாவும் கத்தரியும் சேர்ந்து வேலைக்குப் போனதுபோல் ஆகிவிடும்.

உடனே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும்: "சார், தேயிலைப் பெட்டியில் கையால் பறித்தது என்பதற்குப் பை ஹேண்ட் என்றுதானே போட்டிருக்கிறது? கை கருவிதானே?" நல்ல கேள்வி. அங்கே கை என்பது ஒருவருடைய கை அன்று; ஒரு முறையின் பெயர். இயந்திரத்தால் அன்று, கத்தரியால் அன்று, கைப்பறிப்பு முறையில் என்று பொருள். அதனால்தான் அந்தக் "கை"க்கு முன்னால் என், உன், அவள் என்ற எதுவும் வராது. "என் வலக் கையால் எழுதினேன்" என்று சொல்ல வரும்போது அது நிஜமான கை. அப்போது "வித்" திரும்பி வந்துவிடும். கடித உறையின் மூலையில் "பை ஹேண்ட்" என்று எழுதியிருந்தால், அஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுத்தது என்று பொருள்.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. செய்தவரைக் காட்டும் இந்தப் "பை" இருக்கும் இடத்தைவிட இல்லாத இடத்தைக் கவனிப்பது முக்கியம். அறிவிப்புகளில் "முடிவு செய்யப்பட்டுள்ளது", "ரத்து செய்யப்படுகிறது", "காலி செய்யப்பட வேண்டும்" என்று வரும். யாரால்? சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கில இலக்கணம் அதை அனுமதிக்கிறது. "பை" என்பதையும் அதற்குப் பின்னால் வரும் ஆளையும் விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும். நம் பேச்சுத் தமிழில் இப்படி ஆளை ஒளித்துவைப்பது அவ்வளவு சுலபமன்று. நாம் "துரை சொல்லிட்டாரு", "கிராணி நிறுத்திட்டாரு" என்று ஆளை முன்னால் நிறுத்தியே பேசிப் பழகியவர்கள். ஆகவே, அப்படிப்பட்ட கடிதம் வந்தால், கீழே கையொப்பம் யாருடையது, எந்தப் பதவி, முத்திரை உண்டா என்று பாருங்கள். "அப்ரூவ்ட் பை" என்று அச்சிட்டு அதற்கு நேரே கோடு வெறுமையாக இருந்தால், அந்தத் தாளை இன்னும் ஒருவரும் அங்கீகரிக்கவில்லை என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு கடன் வாங்கிவிடக் கூடாது.

அடுத்தது வழியைக் காட்டும் "பை". பஸ்ஸில் வந்தேன், ரயிலில் போனேன், தபாலில் அனுப்பினேன் என்கிறோம். நமக்கு "இல்", ஆங்கிலத்துக்குப் "பை". இங்கும் மேலே சொன்ன விதிதான்: வாகனம் முறையாக நிற்கும்போது "பை பஸ்". அது யாருடையது என்று சொல்லிவிட்டால் "பை" போய்விடும். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்தேன் என்பதற்குப் "பை அப்பாவின் மோட்டார் சைக்கிள்" என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அது தவறு, அதற்கு "ஆன்" போட வேண்டும். கால்நடையாக வருவதற்கும் "பை" வராது, "ஆன் ஃபுட்" என்பார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வழக்கு என்று ஒன்று இருக்கிறது.

இந்த வழி காட்டும் "பை" நம் வாழ்க்கையில் பஸ் டிக்கெட்டை விடப் பெரிய தாள் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி குடியுரிமையைப் பற்றியது. 14ஆம் பிரிவு சட்டத்தின் செயற்பாட்டால் வரும் குடியுரிமையைச் சொல்கிறது. அதை அடுத்த சில பிரிவுகள் பதிவினால் வரும் குடியுரிமையைச் சொல்கின்றன. 19ஆம் பிரிவு இயல்புரிமை வழங்குவதால் வரும் குடியுரிமையைச் சொல்கிறது. ஆங்கில வாசகத்தில் மூன்று தலைப்பிலும் "பை" இருக்கிறது. மலாய் வாசகத்தில் அந்த இடத்தில் "மெலாலுயி" நிற்கிறது, அதாவது "வழியாக". வாசல் ஒன்றே போல் தோன்றும். உள்ளே நுழையும் வழி மூன்றும் வேறு வேறு.

சட்டத்தின் செயற்பாட்டால் என்றால், விதித்த நிபந்தனை பொருந்திவிட்டால் குடியுரிமை தானாக வந்து சேர்கிறது; யாரும் மனமிரங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. பதிவினால் என்றால் விண்ணப்பிக்க வேண்டும், தகுதியை நிரூபிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்த குழந்தை, மண்ணில் பிறந்ததாலேயே முதல் வழியில் குடிமகன் ஆனது. அதற்கு முன் பிறந்து, அப்போது குடியுரிமை பெற்றிராத தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு இரண்டாம் வழிதான். அவர்கள் படிவம் எழுத வேண்டும், மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு அந்த மொழி நிபந்தனை இல்லை. அந்த ஓராண்டு பல லயங்களில் கவனிக்கப்படாமலே கடந்துபோயிற்று. என் பாட்டி அப்படிப்பட்டவர். கொழுந்து நிறுக்கும் தராசில் அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால், சிவப்பு அடையாள அட்டையோடுதான் கண்மூடினார். 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று ஆனபோது, எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியதை அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு, மணமான தந்தை மலேசியர் என்றால் முதல் வழி. தாய் மட்டுமே மலேசியர் என்றால் விண்ணப்பித்துப் பதிவு செய்யும் வழி என்றுதான் நெடுங்காலம் இருந்தது. தாய்க்கும் முதல் வழியைத் திறந்துவிடும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17-இல் ஏற்றது. தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது "பை" என்ற சொல்லுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி நம் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, லயத்தில் விருந்து போட்டதோடு நிறுத்திவிட்ட குடும்பங்களில், தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், பிள்ளை தந்தையின் குடியுரிமையைப் பின்பற்ற முடியாமல் தவிக்கிறது. முதல் வழி அடைபட்டு இரண்டாம் வழியில் வரிசையில் நிற்கிறது. பிள்ளை பள்ளியில் சேர வரும்போதுதான் எங்களுக்கே தெரியவருகிறது. பதிவு செய்யாத தம்பதியர் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, கணக்குப் "பை". இது நமக்கு மிகவும் பழக்கமானது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கீரையைக் கட்டுக் கணக்கில் விற்கிறார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அந்தக் "கணக்கில்" என்பதுதான் "பை". சம்பளம் கிலோ வீதமா, நாள் வீதமா, மாத வீதமா என்பதும் அதே "பை". நாள் கூலி என்ற நிலை மாறி மாதச் சம்பளம் வேண்டும் என்பது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல்லாண்டு காலம் வைத்த கோரிக்கை. இலக்கணமாகப் பார்த்தால் "பை" அப்படியே இருக்க, அதற்கு அடுத்த சொல்லை மாற்றும் போராட்டம். மழை பெய்து காட்டுக்குப் போக முடியாத வாரத்தில் அடுப்பு எரியுமா எரியாதா என்பது அந்த அடுத்த சொல்லைப் பொறுத்தது.

இதே கணக்கில், ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்போது மிகவும் கவனம் வேண்டும். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதற்கு முன் 1,500 வெள்ளி. உயர்வு எவ்வளவு? 200 வெள்ளி. ஆங்கிலத்தில் உயர்ந்த தொகைக்கு முன் "பை" வரும். போய்ச் சேர்ந்த தொகைக்கு முன் "டு" வரும். "பை 200, டு 1,700." தமிழில் "200 உயர்ந்தது", "1,700 ஆக உயர்ந்தது" என்கிறோம். யாராவது ஒரு தாளைக் காட்டி, சம்பளம் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றால், அந்த எண்ணுக்கு முன்னால் இருப்பது "பை"யா "டு"வா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தவணைக் கடனின் வட்டி உயரும்போதும் இதே பாடம்தான்.

நீள அகலம் சொல்வதற்கும் "பை" உண்டு. லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு என்று நம் கொத்தனார் சொல்வதைத்தான் அவர்கள் "டென் பை ட்வெல்வ்" என்கிறார்கள். பன்னிரண்டை மூன்றால் வகுக்கும்போது வரும் "ஆல்" என்பதும் அதுதான். இதில் யாரும் தவறுவதில்லை, கடந்து போவோம்.

அருகில் என்ற பொருளும் உண்டு. சாலையோரக் கடை, ஆற்றோர வீடு. அந்த "ஓரம்" தான் "பை". பெர்த்தாம் ஆறு நம் மலையிலிருந்து இறங்கி ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. 2013 அக்டோபரில் கனமழை பெய்து அணை நீர் திறந்துவிடப்பட்ட இரவில், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர் போனது அந்த ஓரத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான "பை"க்கு வருகிறேன். காலத்தைக் காட்டும் "பை".

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது இடைநிலைப்பள்ளி முதலாம் படிவம். எங்கள் லயத்தில் ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் வாசலில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பேன். கொஞ்சம் மிதப்பு இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தாதிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். மே மாதம் ஆறாம் தேதி ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, படிவத்தையும் முன்பணத்தையும் "பை 15 மே" அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்று இருந்தது. நான் படித்து, "பதினைந்தாம் தேதி கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்று சொன்னேன்.

அப்பா கேட்டார், "ஏன் தம்பி, முன்னாடியே போனா வாங்கிக்க மாட்டாங்களா?"

நான் கடிதத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னேன், "இல்லப்பா, பதினஞ்சுன்னுதான் போட்டிருக்கு."

பணம் ஏழாம் தேதியே தயாராக இருந்தது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. எட்டு நாள் அந்தப் பணம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பதினைந்தாம் தேதி அப்பாவும் அக்காவும் விடியற்காலையில் கிளம்பினார்கள். அப்போது சிம்பாங் பூலாய்ப் பாதை கிடையாது. மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போக வேண்டும். தாப்பாவில் பஸ் தாமதம். அன்று சனிக்கிழமை, அலுவலகம் அரைநாள்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டதற்கு, நாள் முடிந்துவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவருக்கு இடம் போய்விட்டது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடிதத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். தெளிவாகப் படிக்காதவன் நான்.

அக்கா அடுத்த மாதம் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனார். என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் செய்த தவறு என்னவென்று எனக்கே ஏழெட்டு வருடம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், விரிவுரையாளர் கரும்பலகையில் "ஆன்", "பை", "அன்டில்" என்று மூன்று சொல்லை எழுதிக் கோடு போட்டு விளக்கியபோதுதான் தெரிந்தது. அந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அக்கா அதை வைத்திருந்தார்.

ஆகவே, பிள்ளைகளே, நன்றாகக் கேளுங்கள். "ஆன் 15" என்றால் பதினைந்தாம் தேதி அன்று. தேர்வு நாள், நேர்முகப் பேட்டி நாள் இப்படி வரும். முதல் நாளும் போகக் கூடாது, மறுநாளும் போகக் கூடாது. "பை 15" என்றால் பதினைந்துக்குள். ஏழாம் தேதி கொடுக்கலாம், பத்தாம் தேதி கொடுக்கலாம். பதினைந்து என்பது கொடுக்க வேண்டிய நாள் அன்று. அதற்கு மேல் போகக்கூடாத எல்லை. "அன்டில் 15" என்றால் பதினைந்து வரை. அது தொடர்ந்து நடக்கும் செயலுக்கு உரியது. "அஞ்சு மணி வரைக்கும் காட்டுல இருப்பேன்" என்று அம்மா சொன்னால் "அன்டில்". "அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன்" என்றால் "பை". இருப்பது "வரை", வந்து சேர்வது "க்குள்". தமிழில் இந்த இரண்டையும் நீங்கள் மாற்றிச் சொல்லவே மாட்டீர்கள். ஆங்கிலம் எழுதும்போது மட்டும் ஏன் குழப்பம்? தமிழில் என்ன சொல்வோம் என்று ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். "க்குள்" வந்தால் "பை" போடுங்கள்.

"நான் போறதுக்குள்ள பஸ் போயிடுச்சு" என்பதிலும் அந்தக் "குள்" இருக்கிறது, ஆங்கிலத்தில் "பை த டைம்". "இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்" என்பதில் வரும் "இந்நேரம்", "பை நவ்".

இனி ஒரு நுணுக்கம். பதினைந்துக்குள் என்றால் பதினைந்து சேருமா, சேராதா? நம் தமிழில் இது வழக்காடும் அளவுக்குச் சந்தேகமானது. பதினான்கோடு முடிந்தது என்பவரும் உண்டு. ஆங்கிலப் "பை"யில் அந்த நாள் சேரும். ஆனால், அலுவலகம் சாத்தும் மணி வரைதான் சேரும், நள்ளிரவு வரை என்று எண்ணிவிடக் கூடாது. "பிஃபோர் 15" என்றிருந்தால் சேராது, பதினான்குடன் சரி. அரசாங்கப் படிவங்களில் மலாயில் "செலேவாட்-லேவாட்ஞா" என்று போட்டிருப்பார்கள், மிகவும் பிந்தினால் இந்த நாள் என்று பொருள். அது "பை"யின் அண்ணன். "பாடா அத்தாவ் செபெலும்" என்றால் அன்றோ அதற்கு முன்போ. வெறும் "செபெலும்" என்றால் அதற்கு முன் மட்டும்.

அதோடு வினைச்சொல்லையும் பார்க்க வேண்டும். பதினைந்துக்குள் அனுப்ப வேண்டும் என்றால் அஞ்சல் முத்திரை அந்த நாளுக்குள் விழுந்தால் போதும். பதினைந்துக்குள் கிடைக்க வேண்டும், "ரீச்", "ரிசீவ்ட்" என்றிருந்தால், அவர்கள் மேசைமேல் அன்றைக்குள் இருக்க வேண்டும். மலையிலிருந்து தபால் இறங்க எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது கணினி வழி விண்ணப்பம் வந்துவிட்டது, கவலையில்லை என்பீர்கள். கடைசி நாள் இரவு லயத்தில் இணையம் எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்தக் "குள்" தொழிலாளருக்கு எதிராக மட்டும் வேலை செய்வதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஏழாம் நாள் சேரும். எட்டாம் நாள் சேராது. முதலாளிக்கும் ஒரு "பை" உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் மீதி சில உண்டு. "ஒன் பை ஒன்" என்றால் ஒவ்வொருவராக. "பை மிஸ்டேக்" என்றால் தவறுதலாக. "பை த வே" என்றால் "அது கிடக்கட்டும், வேறொன்று" என்று பேச்சைத் திருப்புவது. பிழைப்பு எப்படிப் போகிறது என்றால் "ஏதோ ஓடுது" என்கிறோமே, அது "கெட்டிங் பை". மனப்பாடம் செய்வதற்கு "பை ஹார்ட்" என்பார்கள். ஆனால், இன்று நான் சொன்னதை அப்படி நெட்டுருப் போட வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன்.

வீட்டில் ஒரு தகரப் பெட்டியோ பிளாஸ்டிக் உறையோ இருக்கும்; அதில் காகிதங்கள் இருக்கும். மின்சாரக் கட்டணச் சீட்டு, காப்புறுதித் தாள், தவணைக் கடன் ஒப்பந்தம், மருந்துச் சீட்டு. அம்மாவிடம் கேட்டு ஆங்கிலத்தில் உள்ள ஒன்றை எடுங்கள். எங்கெங்கே பி, வை என்று இரண்டெழுத்து தனியாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில், யாரால், எந்த வழியால், எவ்வளவு, எதற்குள் என்ற நான்கில் எது என்று தமிழில் எழுதுங்கள். எழுதியதை அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எதிலும் அடங்காதது வந்தால் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

என் அக்காள் மகள் ஐந்தாம் படிவம் முடித்து மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். கடிதம் வந்ததும் அவளே படித்தாள். ஒரு வாரம் அவகாசம் இருந்தது. மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டார். பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போன என்னிடம் அந்தப் பெண் கேட்டாள், "மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா வெள்ளிக்கிழமையும் சேரும்தானே? அப்புறம் ஏன் அம்மா இன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போறாங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.